சிவப்பு உருமா

பினாங்கிலிருந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, பஸ் மாறிப் பஸ் மாறிச் சங்கரன்கோவில் வந்து சேர்ந்த சீன முதலாளி லிம் தவுக்கே, வெள்ளத்துரை வீட்டு நிலைப்படிக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டார். அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

"வாங்க, வாங்க" என்று வெள்ளத்துரை கூப்பிட்டார். கும்பிட்டுக் கூப்பிட்டார், கையை நீட்டிக் கூப்பிட்டார், ஒதுங்கி வழிவிட்டுக் கூப்பிட்டார். தமிழ் தெரியாத ஆளை இதற்கு மேல் தெளிவாக ஒருவர் வீட்டுக்குள் அழைக்க முடியாது. நிலையில் மாவிலை கட்டியிருந்தது. வாசலை அடைத்துக் கோலம். கல்யாணப் பந்தலுக்கு நட்ட முகூர்த்தக்கால், பூசிய மஞ்சள் காயாமல் ஓரமாக நின்றது. லிம் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட வந்த மன்சூர் அலியிடம் மலாய் பாஷையில் என்னவோ கேட்டார். மன்சூர் பதில் சொன்னதும் அவர் முகம் மாறிப்போயிற்று. இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்து, இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார்.

"என்ன கேட்டாரு?"

"இந்த அலங்காரமெல்லாம் எதுக்குன்னு கேட்டாரு அண்ணாச்சி. ஒங்க மகளுக்கு நாலு நாள்ல கல்யாணம்னு சொன்னேன்."

"நல்லதாப் போச்சு. இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லும்."

மன்சூர் அலி கடையநல்லூர்க்காரர். பினாங்கில் லிம்முடைய மருந்துக் கடைக்கு எதிரே பன்னிரண்டு வருஷமாகத் துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். பொய் சொல்ல வராத மனிதர். அவர் இப்போது வெள்ளத்துரையின் முகத்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"அவரு வீட்டுக்குள்ள வரமாட்டாரு அண்ணாச்சி. தப்பா நினைக்காதீங்க. லாட்ஜிலேயே தங்கிக்கிடுவாரு."

தப்பாக நினைக்காமல் எப்படி நினைப்பது? இந்தச் சீமையில் ஒருவர் உங்கள் வீட்டுக்குள் வந்து கை நனைத்தால்தான் அவர் உங்களுக்கு மனிதர், அவருக்கு நீங்கள் மனிதர். வாசலோடு திரும்புகிறவனோடு எவரும் கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லை. அடுக்களையில் வெள்ளத்துரையின் மனைவி ஆறுமுகத்தாய் விடியலிலிருந்து நின்று சமைத்த அவியலும் சொதியும் ஆறிக்கொண்டிருந்தன. லிம் தவுக்கே தெருக்கோடியில் திரும்பும்வரை வெள்ளத்துரை பார்த்துக்கொண்டே நின்றார். வெயிலில் அந்தச் சாம்பல் நிறச் சட்டை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போயிற்று.

வெள்ளத்துரை நிலாவாரை வியாபாரி. நிலாவாரை ஒரு சின்ன இலை. இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசலில், வானம் பார்த்த பூமியில், மழை ஏமாற்றினாலும் ஏமாற்றாத செடி. மலச்சிக்கலுக்கு அதைவிட மருந்து இல்லை என்று சீனாக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் சொல்கிறார்கள். ஊர் உலகத்து வயிறுகளெல்லாம் நம்மூர்க் கரிசலை நம்பித்தான் இருக்கின்றன என்று வெள்ளத்துரை டீக்கடையில் பெருமையாகச் சொல்வார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மன்சூர் அலி லீவில் வந்தபோது ஒரு பொட்டலம் இலையை வாங்கிப்போய் எதிர்க்கடையில் கொடுத்தார். அதிலிருந்து, லிம் சொல்ல மன்சூர் எழுதி, கடிதம் வர ஆரம்பித்தது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வாசனை இருந்தது. மருந்துக்கடை வாசனையா, கடல் வாசனையா, தெரியாது. வெள்ளத்துரை அதை மோந்துவிட்டுத்தான் படிப்பார். படித்துவிட்டு அன்று முழுக்க வேலை ஓடாது. களத்தில் இலை உலர்ந்து கிடக்கும், பெண்கள் முறத்தால் புடைத்துக்கொண்டிருப்பார்கள், பச்சைத்தூசி வெயிலில் பறக்கும். அந்தத் தூசிக்குள் அவருக்குத் துறைமுகம் தெரியும். ஆயிரம் இழுப்பறை வைத்த ஒரு கடை தெரியும். ஒரு இழுப்பறையைத் திறந்தால் அவர் இலை. "கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குத மனுசன்" என்று ஆறுமுகத்தாய் சொல்வது சும்மா இல்லை.

அந்த மயக்கத்தில்தான் அவர் ஒரு காரியம் செய்துவிட்டார். வருஷா வருஷம் இலையை எடுக்கும் தூத்துக்குடி ஏஜெண்டிடம், "இந்த வருஷம் ஒமக்கு இலை கிடையாது, நேரா பினாங்குக்குப் போகுது" என்று சொல்லிவிட்டார். இளையரசனேந்தல் சம்சாரிகள் நாற்பது பேர் அவருடைய வாயை நம்பி அறுத்த இலையையெல்லாம் அவர் களத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். லிம் எடுத்துக்கொண்டால் நாற்பது குடும்பமும் பிழைக்கும். எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் ஒருவரும் அவர் களத்துக்கு வரமாட்டார்கள். ஏன் வரவேண்டும்?

மறுநாள் காலை லிம் களத்துக்கு வந்தார். களத்துக்குச் சுவரும் கிடையாது, நிலையும் கிடையாது. நாலு கம்பு, மேலே ஓலை. அதற்குள் தயங்காமல் நுழைந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இலைமேல் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு குவியலிலும் ஒரு இலை எடுத்து நாக்கில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஓலை இடுக்கு வழியாக வெளிச்சம் சின்னச் சின்ன வட்டமாக அவர்மேல் விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள்.

"ஆத்தாடி, அம்புட்டு இலையையும் கடிச்சா ராத்திரி மனுசன் என்னத்துக்கு ஆவாரு?" என்றாள் சுப்புத்தாய். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லிம்மும் காரணம் தெரியாமல் சிரித்தார். ஆனால் இலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்துச் சரக்குக் கிட்டங்கிக்குள் இன்னும் நல்ல இலை இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்றபோது தலையை ஆட்டி மறுத்தார். வெள்ளத்துரை நீட்டிய காப்பியை வெளியே நின்று இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் வேல்சாமி, வெள்ளத்துரையின் காது கேட்கவே சொன்னான்: "கடல் தாண்டி வந்தவன் இவரு வீட்டுப் படி தாண்ட மாட்டேங்கான். அவன் என்னத்தக் கண்டானோ!" இளையரசனேந்தல் குருசாமி, நாற்பது பேருக்கும் பேசுகிற மனிதர், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தார். "என்னவே, தவுக்கே வாயைத் தொறந்தாரா?" என்று கேட்டார். வெள்ளத்துரை அவருக்கு ஒரு டீ சொன்னார்.

வீட்டில் ஆறுமுகத்தாய் பந்திக்கு வந்த வாழையிலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. யோசனை மட்டும் இருந்தது. "கல்யாணம்னு சொன்னதும்தானே பின்னால போனாரு? அதுவரைக்கும் சிரிச்ச முகமாத்தானே வந்தாரு?" என்றாள்.

"அதுக்கு என்னட்டி?"

"ஒண்ணுமில்லை. ஒரு மரியாதை செஞ்சு பாருங்க. அவரு வராட்டா நம்ம போவோம்."

அது சரியாகப்பட்டது. தறிக்காரத் தெருவில் போய் நல்ல மல்வேட்டியும் துண்டும் எடுத்தார். கரைகூட இல்லாத வெள்ளை, பால் மாதிரி. ஒரு தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மாலை நாலு மணிக்கு லாட்ஜுக்குக் கொண்டுபோனார். மாடி வராந்தாவில் லிம் தனியாக உட்கார்ந்து கீழே பூக்காரிகள் பூக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்சூர் அலி உள்ளே தொழுதுகொண்டிருந்தார்.

வெள்ளத்துரை தாம்பாளத்தை நீட்டினார். லிம் வெள்ளைத்துணியைப் பார்த்தார். எழுந்தார். இரண்டு கையாலும் துணியை மட்டும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வெள்ளத்துரையின் முன்னால் முழங்காலிட்டுத் தலை தரையில் படக் குனிந்தார். தோள் குலுங்கியது. அறுபது வயது மனிதர், சத்தமில்லாமல் அழுதார். வெள்ளத்துரைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

தொழுகை முடித்து வந்த மன்சூர் அலி வாசலிலேயே நின்றுவிட்டார். துணியைப் பார்த்தார், லிம்மைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"என்னத்தவே? மரியாதைக்கு வேட்டி கொண்டாந்தேன்."

"அவங்க வழக்கத்துல வெள்ளைத்துணி கொடுக்கது மவுத்து வீட்டுக்குத்தான். இவரு அம்மா மவுத்தாகி எண்பத்துமூணு நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. புதுசா யாவாரம் பேசுத எடத்துல சாவைக் கொண்டுபோய் வைக்கக் கூடாதாம். துக்கம் உள்ள ஆளு நூறு நாளைக்கு அடுத்த வீட்டுப் படி ஏற மாட்டாங்க. அதுலயும் கல்யாண வீடு! அந்த வீட்டுக்குக் கெடுதல் வந்துருமாம். இப்போ நீங்க அறிஞ்சு துக்கம் கேட்க வந்ததா நினைச்சுக்கிட்டாரு."

வெள்ளத்துரை தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். அவருக்கு வெட்கம் பொங்கி வந்தது. லிம்மை நினைத்தல்ல, தன்னை நினைத்து. தீட்டு உள்ளவன் பிறர் வீட்டுக்குப் போகமாட்டான் என்பது அவருக்குத் தெரியாததா? அவருடைய அப்பா செத்த பதினாறு நாளும் அவர் எந்த வாசலில் கால் வைத்தார்? பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக்கூட ஆறுமுகத்தாய் போகவில்லையே. ஒரு சங்கரன்கோவில்காரன் வாசலுக்கு வெளியே அப்படி நின்றிருந்தால் இவருக்கு அரை நொடியில் விளங்கியிருக்கும். சீனாக்காரன் என்றதும் புத்தி எங்கேயோ போய்விட்டது.

அவர் தரையில் லிம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். துட்டி, அதாவது சாவுத் துக்கம், கேட்கப் போனால் நம் பக்கத்தில் எப்படி உட்காருவார்களோ அப்படி.  கொஞ்ச நேரம் கழித்து லிம் தானாகப் பேசினார். மன்சூர் மெல்லிய குரலில் தமிழாக்கினார். கடையை நடத்தியது அம்மாதான். ஒவ்வொரு இலையையும் கடித்துப் பார்த்துத்தான் எடுப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த பொட்டலத்தில் ஒன்றைக் கடித்துவிட்டு, இதை உலர்த்தினவர்கள் அவசரப்படாத ஆட்கள், போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். போகலாம் போகலாம் என்று தள்ளிப்போட்டார். அவள் போனபிறகுதான் கப்பல் ஏறினார்.

பூக்கட்டுகிற வாசனை மேலே ஏறி வந்தது. கீழே பஸ்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஆனால் அந்த வராந்தாவுக்கு மட்டும் சத்தம் எட்டாதது போலிருந்தது. பார்த்தேயிராத ஒரு கிழவி ஆயிரம் இழுப்பறைக்கு நடுவில் உட்கார்ந்து தன் இலையைக் கடிப்பதை வெள்ளத்துரை தெளிவாகப் பார்த்தார். அவளுக்குப் பல் இருந்தது. நல்ல பல்.

இருட்டுவதற்கு முன்னால் அவர் எழுந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டார். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது. திரும்ப வருவதற்கு அங்கே இன்னொரு துட்டி விழவேண்டியிருக்கும். அவர் ஏன் சொல்லாமல் போகிறார் என்று லிம் கேட்டாராம். மன்சூர் காரணத்தைச் சொன்னாராம். எங்களிலும் அப்படித்தான், சாவு வீட்டில் மறுபடி பார்ப்போம் என்று யாரும் சொல்லமாட்டோம் என்று லிம் ஆச்சரியப்பட்டாராம். இதை மன்சூர் மறுநாள் வந்து சொன்னபோது வெள்ளத்துரைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினாறு தாண்டிப் போச்சே. நம்ம கணக்குக்குத் தீட்டுக் கழிஞ்சுது. கல்யாணத்துக்கு வரச் சொல்லும்" என்றார்.

"சொல்லிப் பார்த்துட்டேன். ஒங்களுக்குப் பதினாறு, எனக்கு நூறுங்காரு. இன்னும் பதினாறு நாள் இருக்கு. கப்பலு வெள்ளிக்கிழமை. அடுத்த கப்பலு மூணு வாரம் கழிச்சுத்தான்."

"அப்போ போயிருவாரா?"

"தெரியலை அண்ணாச்சி. இன்னும் இலையைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. துக்கம் முடியாம புது யாவாரத்துக்குக் கை கொடுக்க மாட்டாரு."

வெள்ளிக்கிழமை வந்தது. கப்பல் போயிற்று. லிம் போகவில்லை.

மகள் பூமாரியின் கல்யாண ஊர்வலம் லாட்ஜைக் கடந்தபோது வெள்ளத்துரை அண்ணாந்து பார்த்தார். மாடி வராந்தாவில், கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டு, சாம்பல் நிறச் சட்டை நின்றது. தன் நிழல்கூட மணப்பெண்மேல் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் ஒதுங்கியே நின்றது. வெள்ளத்துரை நாதஸ்வரக்காரரை அங்கே கொஞ்சம் நிற்கச் சொன்னார். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒரு கீர்த்தனை முழுக்க ஊர்வலம் அங்கேயே நின்றது.

கல்யாணம் முடிந்த பிறகும் வெள்ளத்துரை பந்தலைப் பிரிக்க விடவில்லை. கட்டிய வாழைமரம் பழுத்து, மட்டை தொங்கி, காற்றில் சரசரத்தது. வேல்சாமி அதற்கும் ஒன்று சொன்னான். சொல்லட்டும். லிம் தினமும் களத்துக்கு வந்தார். பெண்களோடு உட்கார்ந்து இலையில் குச்சி பொறுக்கினார். சுப்புத்தாய் அவருக்குத் தமிழ் கற்றுக் கொடுத்தாள். முறம், இலை, காப்பி, போதும், போயிட்டு வாரேன். மாசி வெயிலில் நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உதிர்ந்தன. அந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் குறைவு. ஆனால் இப்போது நினைத்தால் வெள்ளத்துரைக்கு அவை ஒரு முழு வருஷம்போல் இருக்கின்றன.

நடுவில் தூத்துக்குடி ஏஜெண்டு லாரியோடு வந்துவிட்டான். பின்னாலேயே குருசாமியும் வந்தார்.

"வே, இலை இன்னும் பத்து நாள் கெடந்தா நெறம் மாறிரும். ஒரு மழை விழுந்தா அம்புட்டும் போச்சு. நாற்பது வீட்டுச் சோறு இது. அவருகிட்ட எடுப்பீரா மாட்டீரான்னு கேட்டுச் சொல்லும். இல்லாட்டா இந்த லாரியில ஏத்திருவோம்."

 குருசாமி சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. வெள்ளத்துரை களத்தில் குத்தவைத்திருந்த லிம்மைக் காட்டி, "அந்த மனுசனுக்கு ஆத்தா செத்துப்போச்சு. நூறு நாள் துட்டி. இன்னும் பத்து நாள் கெடக்கு. துட்டியில இருக்கிறவருகிட்ட வெலை பேசச் சொல்லுதீரா?" என்றார்.

குருசாமி லிம்மை வெகுநேரம் பார்த்தார். லிம் ஒரு குச்சியைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். அடுத்த குச்சியைப் பொறுக்கினார்.

"பேசக் கூடாதுதான்" என்றார் குருசாமி. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு லிம்முக்கு எதிரே போய்த் துட்டி கேட்கிறவர்போல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். லாரி காலியாகத் திரும்பியது.

நூற்றோராவது நாள் காலை ஒன்பது மணிக்கு லிம் தவுக்கே வெள்ளத்துரை வீட்டு வாசலில் வந்து நின்றார். முடி வெட்டி, சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். கையில் அந்த வெள்ளைத் துண்டு மடித்து இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சதுரத் துணியை எடுத்து மன்சூரிடம் கொடுத்தார். துக்கத்துக்குச் சட்டைக் கையில் குத்திக்கொள்ளும் துணி அது. இத்தனை நாளும் கண்ணில் படாமல் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

"நம்ம வழக்கப்படி உருமா கட்டி உள்ள கூட்டிட்டுப் போகலாம்" என்று வெள்ளத்துரை அந்த வெள்ளைத் துண்டுக்குக் கை நீட்டினார். துக்கம் கழியும் நாளில் செத்தவரின் மகனுக்கு உறவுக்காரர் தலைப்பாகை கட்டி, இனி உன் வேலையைப் பார் என்று வெளியே அனுப்புவார்கள். அதற்குப் பெயர் உருமா.

"நில்லுங்க" என்றாள் ஆறுமுகத்தாய். "இன்னொரு தடவை வெள்ளையைத் தூக்காதீங்க. நான் மன்சூர் தம்பிகிட்ட நேத்தே கேட்டுட்டேன். அவுகளுக்குத் துட்டி கழிஞ்சா செவப்பு." அவள் உள்ளே போய்ப் புதுச் சிவப்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"உருமா மச்சான்தானே கட்டணும்? நான் என்ன முறையில கட்ட?"

"அவரு எனக்கு அண்ணன்னு வச்சுக்கிடுங்க. அப்போ நீங்க மச்சான்தானே? கட்டுங்க."

மன்சூர் இதை மலாயில் சொல்லி முடிக்கும்வரை தெரு காத்திருந்தது. லிம் தலையைக் குனிந்தார். வெள்ளத்துரை சிவப்புத் துண்டை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார். சாமியாடியின் தலைப்பா மாதிரி அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. வேல்சாமிகூடச் சிரிக்கவில்லை.

"வாங்க" என்றார் வெள்ளத்துரை.

லிம் தவுக்கே படியேறினார்.

அவியல், சொதி, இஞ்சித் துவையல். காய்ந்த பந்தலுக்குள் ஒற்றை ஆளுக்குக் கல்யாணச் சாப்பாடு. ஆறுமுகத்தாய் எதிரே உட்கார்ந்து, "ஆத்தா எதைப் பிரியமாச் சாப்பிடுவாக?" என்று கேட்டாள். லிம் கையை இலையில் வைத்துக்கொண்டு நிறையச் சொன்னார். மன்சூருக்குச் சாப்பிட நேரமே கிடைக்கவில்லை. இலை வியாபாரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாப்பாடு முடிந்து களத்துக்குப் போனார்கள். லிம் பையிலிருந்து ஒரு தூரிகையும் சிவப்பு மையும் எடுத்தார். அடுக்கி வைத்திருந்த முதல் மூட்டைமேல் ஒரு எழுத்து எழுதினார். நிதானமாக ஊதிக் காயவைத்தார். அடுத்த மூட்டைக்குப் போனார். கடைசி மூட்டை முடிய மாலையாகிவிட்டது. அது அவர் கடைக்குறி, அம்மாவின் பெயரில் முதலெழுத்து என்று மன்சூர் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் குருசாமி காத்திருந்தார். களத்துக்குப் போகப் பயந்து இங்கேயே நின்றுவிட்டாராம். பஸ் நகர ஆரம்பித்தபோது லிம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சிவப்பு உருமா இன்னும் தலையில் இருந்தது. பதினாறு நாளாகச் சுப்புத்தாய் சொல்லிக்கொடுத்தும் அவர் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த சொல்லை இப்போது உரக்கச் சொன்னார்.

"மச்சான், போயிட்டு வாரேன்!"

பஸ் திருநெல்வேலி ரோட்டில் திரும்பியது. வெள்ளத்துரையின் தோளைக் குருசாமி பிடித்து உலுக்கினார். "என்னவே, இலையை எடுத்துக்கிடுதாரா இல்லையா? என்ன சொல்லிட்டுப் போறாரு?"

"காதுல விழலையா ஒமக்கு?" என்றார் வெள்ளத்துரை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாரேன்னுட்டாருல்லா."